கம்பியில் உயிர் வந்த நாள்

அன்புள்ள மா-லிசெபோவுக்கு,

சமாதானம். மலையில் குளிர் விட்டதா? உன் முதுகுவலி எப்படி? நான் நலம்.

போன வாரம் பண்ணை மாடுகள் மின்வேலியைத் தாண்டிச் சோளத்தில் இறங்கிவிட்டன. மின்பெட்டி டிக் டிக்கென்று அடிக்கிறது. கம்பியிலோ உயிரே இல்லை. வேலி நெடுக நடந்து, கம்பியில் உரசிய புல்லையெல்லாம் அறுத்தேன். கடைசியில் பார்த்தால், எர்த் கம்பி நட்ட மண் மழையில்லாமல் காய்ந்து கிடந்தது. மண்ணில் ஈரம் இருந்தால்தானே மின்சாரம் ஓடும் என்று ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். பிறகு ஒரு புல்லைக் கம்பியில் வைத்துச் சோதிப்பதற்குப் பதில், ஏதோ நினைப்பில் கையையே வைத்துவிட்டேன். தூக்கியடித்தது. அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

"ஒரு ஷாக்குக்கா இந்த அழுகை, பெரிய மனுசா?" என்று கூட்டாளி செல்லோ சிரித்தான்.

"ஆமாண்டா, ரொம்ப வலிக்குது," என்றேன்.

நம் மகளைப் புதைத்த அன்று லீவு கிடைக்காமல் இதே வேலியோரம்தான் நின்றேன். அன்று அழுகை வரவில்லை.

அவளைப் புதைத்த மேட்டில் ஆடு ஏறுகிறதாம். சுற்றிலும் முள் வெட்டிப் போடு.

"இனி அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க," என்று போனில் சொன்னாய். பிள்ளை பிறக்கும் முன்பே, கல்யாணத்தன்று, லிசெபோவின் அம்மா என்று என் அம்மா உனக்கு வைத்த பெயர் அது. எனக்கு வேறு பெயர் வரவில்லை.

இந்தக் கடிதத்தை ஊருக்குக் கொண்டுபோகும் வண்டி கிளம்புகிறது.

இப்படிக்கு,
லிசெபோவின் அப்பா