வருகைப் புத்தகத்தில் அம்மா

ஹெந்தளை
2024.02.03

அன்புள்ள மகள் யதுஷாவுக்கு,

நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். கப்பலில் வேலைக்குப் போயிருக்கும் மருமகன் கஜீவனுக்கும் என் அன்பைச் சொல்லு. போனில் கதைத்தால் இருவரும் சத்தம் போட்டு முடிக்கிறோம். கடிதமென்றால் வெட்டித் திருத்தலாம்.

வெள்ளவத்தை வீட்டிலேயே பிள்ளை பெறப் போகிறாயாம். அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற றோஸி என்ற மருத்துவிச்சி, கொட்டாஞ்சேனையிலிருந்து தனியாக வந்து பார்க்கிறாவாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகும்போது ஒன்றும் நடக்காது என்று தெரிந்தும் முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டுதான் போவேன். ஆஸ்பத்திரியும் அப்படி நினைப்பில் இருக்கட்டும்.

நான் வரவா? முழங்கால் இன்னும் மடங்குதில்லை. ஆனாலும் வருவேன்.

அன்பு அம்மா,
அருந்ததி


வெள்ளவத்தை
2024.02.14

அன்புள்ள அம்மா,

முதலுதவிப் பெட்டி இருக்கிறது. டொக்டர் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டா. பிள்ளை பிறக்கிற அன்றைக்கு, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் என்று கீழே ஒரு வான் நிற்கும். றோஸி மிஸி செவ்வாய்தோறும் வந்து துடிப்புக் கேட்கிறா. "குதிரை ஓடுற மாதிரிக் கேக்குது, நீர் பயப்படாதையும்" என்கிறா.

நீங்கள் வர வேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில், "கூட வந்தவ எல்லாம் வெளியில போங்கோ" என்று தாதி சொன்னதும் என் கையை விட்டுவிட்டுப் போனீர்கள். அம்மா அம்மா என்று கூப்பிட்டேன். சட்டமென்றால் சட்டம் என்று விறாந்தையில் நின்றீர்கள். என் பிள்ளை அழாமலே பிறந்தபோது எனக்குப் பிடிக்க ஒரு கை இருக்கவில்லை.

இன்னொன்று. நேற்றுக் கீழே, மாடிக் கட்டட வாசலில் வருகைப் புத்தகத்தைப் பார்த்தேன். மிஸி வந்த ஒவ்வொரு செவ்வாயும் அவவின் பெயருக்குக் கீழே "திருமதி அ. தியாகராசா" என்று இருக்கிறது. என் தேர்ச்சி அறிக்கையில் நீங்கள் வைத்த அதே சாய்ந்த கையெழுத்து. காவலாளி சாந்தகுமாரிடம் கேட்டேன். "மிஸியோட வர்ற டீச்சரம்மாதானே? குடையை எங்கிட்ட குடுத்துட்டு மேல போவாங்க. பேசவே மாட்டாங்க, சிரிப்பு மட்டுந்தான்" என்கிறான். வீட்டுக்குள்ளே மிஸி மட்டும்தான் வருகிறா.

வரவா என்று கடிதத்தில் கேட்டுவிட்டு ஏன் படிக்கட்டில் ஒளிந்து நிற்கிறீர்கள்?

யதுஷா


ஹெந்தளை
2024.02.20

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நான் இந்த வாசல் தாண்டி ஒரு மாதமாகிறது. முப்பத்திரண்டு வருடம் வகுப்பு இடாப்பில் பிள்ளைகளின் வரவு குறித்தவள், வராத இடத்தில் வரவு போடுவேனா?

ஆனால் உனக்கு மறைக்கக் கூடாது. செவ்வாய் மத்தியானங்களில் ஒரு நித்திரை வருகிறது. வீட்டுக்கார றாதிகா தட்டினாலும் எழும்புவதில்லையாம். கம்பி முறிந்து சிவப்பு நூலால் கட்டிய என் நீலக் குடையையும் தை மாதத்திலிருந்து காணவில்லை.

அன்றைக்குக் கையை விட்டது என் பிழை. வெட்டித் திருத்தாமல் எழுதுகிறேன்.

அன்பு அம்மா,
அருந்ததி


வெள்ளவத்தை
2024.03.06

என் அம்மாவுக்கு,

பெண்பிள்ளை. நேற்றுச் செவ்வாய், மாலை நாலு பத்துக்கு. வெளியே வந்தவுடனேயே அழுதாள், அம்மா!

வந்ததற்கு நன்றி. கதவு திறந்து மிஸியோடு உங்களைக் கண்டபோது திரும்பிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோவு கூடினபோது மிஸியே, "அம்மா கொஞ்சம் அங்கால நிண்டால் நல்லம்" என்றா. நீங்கள் அசையவில்லை. நகம் பதியப் பதியப் பிடித்தேன். நீங்கள் விடவில்லை.

இப்போது யன்னலோரக் கதிரையில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். வந்ததிலிருந்து ஒரு சொல்லும் கதைக்கவில்லை. தேத்தண்ணி ஆறிக் கிடக்கிறது. கோபமா என்றால் சிரிக்கிறீர்கள். அதுதான் எழுதுகிறேன். இதை உங்கள் கையில் தர வந்தேன். மிஸி இடையில் வாங்கிவிட்டா. "ஹெந்தளை விலாசத்துக்கு எழுதும் பிள்ளை, நான் தபாலில போடுறன். அங்கதான் வாசிப்பா" என்றா.

உங்கள் யதுஷா


ஹெந்தளை
2024.03.12

அன்புள்ள யதுஷாவுக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. பிள்ளை அழுதாள் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். என் வலது உள்ளங்கையில் அந்தச் செவ்வாயிலிருந்து நாலு நகக்குறி. இன்னும் மாறவில்லை.

இன்று காலை ஓட்டோ பிடித்து உங்கள் வாசல்வரை வந்தேன். உங்கள் காவலாளி எழும்பி நின்றான். "டீச்சரம்மா, நீங்க எப்ப எறங்குனீங்க? வெளிய போனதா நான் எழுதவே இல்லையே!" புத்தகத்தைத் திருப்பிக் காட்டினான். ஐந்தாம் தேதி, என் பெயர், வந்த நேரம் ஒன்று இருபது. போன நேரம் வெறுமை. அவனுடைய கதிரைக்குப் பின்னால் என் நீலக் குடை தொங்கியது.

அவன் மேலே பார்த்தான். நானும் பார்த்தேன். ஏழாம் மாடி பல்கனியில் நான் நின்றேன். பிள்ளைக்குக் கடலைக் காட்டிக்கொண்டு. கீழே என்னைக் கண்டதும் மேலே நின்றவளின் சிரிப்பு நின்றது. பிறகு பிள்ளையின் கையைப் பிடித்து எனக்கு மெல்ல ஆட்டினாள்.

காவலாளி பேனையை மூடிவிட்டான்.

இடாப்பில் ஒருநாளைக்கு ஒரு பெயருக்கு ஒரு கோடுதான். பார், திரும்பவும் சட்டம் கதைக்கிறா என்று நினைப்பாய். அதில்லை, பிள்ளை. வெளியே போகச் சொன்னபோது போனவள் நான். போகாதவள் மேலே இருக்கிறாள். நான் ஏறி வந்தால் எங்களில் ஒருத்தி இறங்க வேண்டும். அவளை நான் எப்படி இறக்குவேன்?

குடையை எடுக்கவில்லை. வெளியே போனால் அவளுக்கு வேண்டும். தேத்தண்ணியில் சீனியைக் குறை, சிலவேளை குடிப்பாள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு அவளுக்கும் ஒரு புதுச் சேலை எடுத்துக் கொடு.

கையை மட்டும் நீயாக விட்டுவிடாதே.

அன்புடன்,
அருந்ததி