அசனத்தன்று வாசிக்காத பெயர்கள்

ஆலயத்துக்குப் பின்னால் அண்டாவில் சோறு வடிக்கிறார்கள். கஞ்சியின் ஆவி ஜன்னல் வழியே உள்ளே வந்தது. ஆராதனையின் பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீ இறந்துபோனபின் வரும் முதல் அசனம். சபையும் ஊரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். மூன்று வருடமாக இந்த வாசனை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் நீ திருமங்கலம் பக்கம் ஒரு செங்கல் சூளைக்குப் போய்வந்தாய். அவனியாபுரத்தில் என் வீட்டு வாசலில் பைக்கை விட்டு இறங்காமலே பேசினாய்.

"மண்ணு பிசைஞ்சு பிசைஞ்சு சூளையில வேலை செய்றவுக விரல்ல ரேகையே இல்ல மாப்ள. ரேஷன் கடை மெஷின் எடுக்க மாட்டேங்குது. அடுத்த மாசம் வான்னு சொல்றான் கடைக்காரன். அதுக்குள்ள ரேகை முளைச்சிருமா?"

"சபையில சொல்லி அரிசி வாங்கிக் குடுத்திரலாம்ல?"

"எம்புட்டு மாசத்துக்கு? எம்புட்டு சூளைக்கு? ரேகை விழலைன்னா நோட்டுல பதிஞ்சுட்டு அரிசியக் குடுன்னு எல்லாக் கடைக்கும் உத்தரவு வரணும்டா. அதைக் கேக்குறதும் ஊழியந்தான்."

மனுவை என்னை எழுதச் சொன்னாய். எம்.ஏ. படித்தவனாம். கடையில் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பெயர்களை நீ சொல்லச் சொல்ல, என் கையால் எழுதினேன். அசனத்தன்று ஆராதனை முடிந்ததும் நான் அவற்றை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும். சபை முழுதும் கையெழுத்திட வேண்டும். மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் நாள்.

அசனத்தன்று சூளையிலிருந்து ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தாய். கடைசி பெஞ்சில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் காகிதத்தோடு எழுந்தேன். சபை மூப்பர் என் முழங்கையைத் தொட்டார்.

"கலெக்டர் மனுவெல்லாம் ஆலயத்துல எதுக்கு தம்பி? பந்திக்கு நேரமாச்சு. ஜெபமாப் பண்ணிரு."

பண்ணிவிட்டேன்.

காகிதத்தை மடித்தேன். கண்ணை மூடினேன். பசித்திருக்கும் எல்லோருக்காகவும், என்று தொடங்கினேன். சொற்கள் தாமாக வந்தன. யாரோ விசும்பினார்கள். சபை ஆமென் சொன்னது. வெளியே பலர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அதை நான் விரும்பினேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

பந்தியில் நீ சாம்பார் வாளியோடு வந்தாய். என் இலைக்கு நேராகக் குனிந்தாய்.

"நல்லா அழ வச்சுட்ட மாப்ள. கையெழுத்துதான் ஒண்ணும் விழல."

அந்தப் பெண் கை கழுவிக்கொண்டே உன்னைக் கேட்டார். "எம் பேரை எப்பண்ணே வாசிப்பாக?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தண்ணீர் குடித்தேன்.

மறுநாள் எனக்கு வேலை இருக்கிறது என்றேன். நீ தனியாகப் போனாய். வெறும் பெயர்கள் மட்டும் இருந்த மனு. வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்களாம். பிறகு ஒன்றும் வரவில்லை. அதன்பின் நீ திரும்பத் திரும்ப அங்கே போனாய். என்னை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. டீக்கடை, கிண்டல், எல்லாம் பழையபடி. அது எனக்கு வசதியாக இருந்தது.

உன்னை அடக்கம் செய்த மறுவாரம் சூளைக்குப் போனேன். கொட்டகைகளில் வேறு ஆட்கள். பழையவர்கள் எங்கோ போய்விட்டார்கள்.

"யாரைத் தேடுறீக?" என்றார் ஒருவர்.

சொல்ல ஒரு பெயர்கூட வரவில்லை. அந்த ஜெபம் மட்டும் ஒரு சொல் விடாமல் இன்னும் எனக்கு மனப்பாடம்.