ஒரே பெட்டியில் இரண்டு குடுவைகள்

திருப்பதி
8-4-1998

அன்புள்ள வேதாவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அப்பாவும் நானும் சௌக்கியம், வெயில் எங்களைவிடச் சௌக்கியம். நீயும் உன் ரோஸ் கலர் பாக்டீரியாக்களும் நலம் என்று உன் மூன்று பக்கக் கடிதத்தில் தெரிந்துகொண்டேன், அதில் இரண்டே முக்கால் பக்கம் அவற்றின் நலம்தான். அப்பா அதைப் படித்துவிட்டு, மெத்தனால் என்றால் சாராயச் சாவு என்று பேப்பரில் வருமே அந்த விஷம்தானே என்று கேட்டார், ஆமாம் என்றேன், கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். போன வாரம் சித்தூரிலிருந்து யதிராஜ் சித்தப்பா வந்திருந்தார். அந்த ஹைதராபாத் சாஃப்ட்வேர் பையனின் வீட்டார் பெண் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று அவரிடம் விசாரித்தார்களாம், விஷச் சாராயம் குடித்து உயிர் வாழும் கிருமிகளை அமெரிக்காவில் வளர்க்கிறாள் என்று இவரும் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து போன் இல்லை. உனக்கு வருத்தம் இருக்காது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அப்பாவுக்காக, வருத்தப்பட்டதுபோல ஒரு வரி எழுதிப் போடு.

இனி உன் கண்டுபிடிப்பு. நான் புரிந்துகொண்டது சரியா பார். சக்சினேட் மாதிரி சாதாரண உணவு கிடைக்கும்போது இந்த பாக்டீரியா மெத்தனாலை உடைக்கும் என்சைமை அதிகம் தயாரிப்பதில்லை, மெத்தனால் வந்தால்தான் அந்த அடுப்பை மூட்டும். உன் புது ரகம் மட்டும் மெத்தனாலே இல்லாதபோதும் அந்த என்சைமைக் குவிக்கிறது, அதனுடைய கட்டுப்பாடு அறுந்துவிட்டது என்கிறாய். மே இருபதாம் தேதி மாநாட்டில் அதைச் சொல்லப் போகிறாய், புரொஃபசர் உன் பெயரை முதலில் போட்டிருக்கிறார். படித்துச் சந்தோஷப்பட்டேன், அது ஒரு மணி நேரம் நின்றது. பிறகுதான் அந்த வரி கண்ணில் பட்டது. மெத்தனால் போட்ட குடுவையையும் போடாத குடுவையையும் ஒரே குலுக்குப் பெட்டியில் வைத்தேன், ஆனால் பிப்பெட் தனி, தாங்கி தனி, ஒன்றைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொடவில்லை, எல்லாம் நம் வீட்டு அடுக்களை மாதிரி என்று பெருமையாக எழுதியிருந்தாயே, அந்த வரி. சாதப் பாத்திரத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் தயிரைத் தொட்டால் பத்து, அது தோஷம் என்று கேட்டு வளர்ந்தவள் நீ, தொடாவிட்டால் தோஷமில்லை என்று மனதில் பதிந்துவிட்டது. மெத்தனாலுக்கு நம் ஆசாரம் தெரியாது வேதா. அது ஆவியாகும், அடைத்த பஞ்சு வழியாக வெளியே வந்து பக்கத்துக் குடுவைக்குள் போகும், பஞ்சு கிருமியைத் தடுக்குமே தவிர ஆவியைத் தடுக்காது. பழைய ரகத்தை நீ போன வருஷம் தனிப் பெட்டியில் வைத்து அளந்தாய், புது ரகத்தை மட்டும் இப்படி. சக்சினேட் இருந்தாலும் கொஞ்சம் மெத்தனால் பட்டால் என்சைம் தலைகாட்டும் என்று எனக்கு எழுதியதும் நீதான்.

நான் சந்தேகப் பிராணி என்று நீயும் அப்பாவும் கூட்டாகச் சொல்வதுண்டு, அதனால் வாயால் மட்டும் சொல்லாமல் எங்கள் காலேஜ் லேபில் செய்து பார்த்தேன். நீ சொல்லிக் கொடுத்தபடி கொல்லைக் கறிவேப்பிலையை மெத்தனால் சேர்த்த அகார் ஜெல்லித் தட்டில் அழுத்தி எடுத்தேன், ஒரு வாரத்தில் ரோஸ் புள்ளிகள் வந்தன, உனக்குத் தூரத்து உறவாக இருக்க வேண்டும். அதை மூன்று குடுவை உப்புநீரில் விட்டேன். ஒன்றில் மெத்தனால் உண்டு, மற்ற இரண்டில் சாப்பிட ஒன்றுமே கிடையாது. அந்த இரண்டில் ஒன்றை மெத்தனால் குடுவையோடு ஒரே பெட்டியில் வைத்தேன், மற்றதை ஸ்டோர் ரூம் அலமாரியில். ஐந்தாம் நாள் அலமாரியில் இருந்தது தெளிவாக இருந்தது, பெட்டிக்குள் பட்டினி கிடக்க வேண்டியது லேசாகக் கலங்கியிருந்தது. எங்கள் லேப் அட்டெண்டர் செங்கல்வராயன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, இதுக்குத் துன்ன ஒண்ணுமே போடலியேம்மா, அப்புறம் எப்படி வளந்துக்கினு கீது, பக்கத்து ஊட்ல துன்னுட்டு வந்துச்சா என்று கேட்டான். உன் மாநாட்டில் இந்தக் கேள்வியை யாராவது இங்கிலீஷில் கேட்பார்கள், அதற்கு முன் நீயே கேட்டுக்கொள்வது நல்லது.

இதை போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் டெலிபோன் பூத்காரர் மீட்டரைவிட நம் பேச்சைத்தான் கவனிக்கிறார். அதோடு இனி எழுதப் போவது சத்தமாகச் சொல்லக்கூடியதில்லை. எம்.எஸ்ஸி. கடைசி வருஷம் எனக்கும் உன்னுடையதைப் போல அருமையான ஒரு ரிசல்ட் வந்தது. என் கைடு மகிழ்ந்துபோய்க் கட்டுரையாக அனுப்பினார். அனுப்பிய பத்தாம் நாள், இரண்டு குழாய்களை நான் மாற்றி அளந்திருந்தது தெரிந்தது. சொல்ல வாய் வரவில்லை, என் பெயரோடு அச்சில் வந்துவிட்டது. பிஎச்.டி.க்கு அவரே கூப்பிட்டார், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேண்டாம் என்றேன், அந்த மாதம் வந்த ஜாதகத்துக்குச் சரி என்றேன். தன்னால்தான் என் படிப்பு நின்றது என்று உன் அப்பா இருபத்தைந்து வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறார். அந்தப் பாவத்துக்காகத் தினமும் எனக்கு முன் எழுந்து டிகாக்ஷன் இறக்கிக் காபி கலந்து தருகிறார். காபி நன்றாக இருந்ததால் நானும் திருத்தவில்லை.

அதனால் நீ புரொஃபசரிடம் போய், இரண்டும் ஒரே பெட்டியில் இருந்தன, மறுபடி செய்ய வேண்டும் என்று நீயாகவே சொல். கண்டுபிடிப்பு நின்றால் நிற்கட்டும், போனால் போகட்டும், நான் நினைத்தது தப்பென்றால் ஆயுசுக்கும் என்னைக் கேலி செய். சொல்லிவிட்டேன் என்று உன் கடிதம் வருகிற அன்று நானும் அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காபி யார் போடுவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

பெருமாள் கூடவே இருப்பார் என்று அப்பா எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். என் பங்குக்கு, தைரியமும் தூக்கமும் குறைவில்லாமல் இரு என்று ஆசீர்வதிக்கிறேன். நாலு நாள் வேலைதான், கடிதம் கிடைத்த அன்றே குடுவைகளைப் பிரித்து வை.

உன் அம்மா,
நாமகிரி