பாதியில் வெட்டிய பேச்சு

கிள்ளான்,
பிப்ரவரி 10

அன்புள்ள தாரா அப்பாவுக்கு,

லோகேஸ்வரி எழுதிக்கொள்வது. நானும் தாராவும் நலம். உங்கள் இருமல் நின்றதா? லீவு முடிந்து உங்கள் பிந்துலு வேலையிடத்துக்குத் திரும்பும் தம்புசாமி அண்ணனிடம் இந்தக் கடிதத்தையும் மருந்தையும் கொடுத்தனுப்புகிறேன். என் கைப்பேசி இன்னும் போலீஸில்தான் இருக்கிறது.

நேற்று வீரம்மா அக்காவின் போனில் கூப்பிட்டு, "மன்னிப்புக் கேட்டுட்டு முடிச்சிடு லோகேஸ், நமக்கு எதுக்கு வம்பு" என்றீர்கள். சுற்றி ஆட்கள் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

நம் அடுக்குமாடியின் தொழுகைக்கூடமான சூராவுக்குக் கூரை மாற்றுகிறார்கள். அதனால் நோன்பு மாதம் முழுவதும் கீழ் மண்டபத்தில் தொழுகை நடக்கும் என்று சென்ற மாதக் குடியிருப்பாளர் கூட்டத்தில் அறிவித்தார்கள். அதற்கு நானும்தான் கை தூக்கினேன். ஆனால் விரிப்பு அழுக்காகும் என்று பகலிலும் பூட்டிவைப்பார்களாம். அப்படியென்றால் அங்கே நடக்கும் பிள்ளைகளின் டியூஷனை எங்கே வைப்பது? வாரத்தில் இரண்டு நாள், மாலை ஆறு மணிவரை திறந்துவிடுங்கள் என்று கேட்டேன். இது சமய விஷயம், கேள்வி வேண்டாம் என்றார் தலைவர். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து நின்று மலாயில் சொன்னேன்: "பாங்குச் சத்தம் எங்களுக்குத் தொல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். கேள்வியே கேட்கக் கூடாது என்பதுதான் தொல்லை."

நான் பேசியதை ஏழாம் மாடி கமலநாதன் படம் பிடித்திருக்கிறார். 'பாங்குச் சத்தம் எங்களுக்குத் தொல்லை' என்ற துண்டை மட்டும் வெட்டியெடுத்து, நம்ம அக்கா சிங்கம் என்று எழுதி ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார். அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "விடுங்க லா அக்கா, நம்ம ஆளுங்க எல்லாம் உங்களைப் பத்திதான் பெருமையா பேசுறாங்க" என்று சிரித்தார். சொல்லாத பேச்சுக்கு எனக்கு எதற்குப் பெருமை என்று சத்தம் போட்டேன். பயந்துபோய் ஃபேஸ்புக்கில் போட்டதோடு, என் முழுப் பேச்சும் இருந்த படத்தையும் சேர்த்து அழித்துவிட்டார். அதற்குள் அந்தத் துண்டு எங்கெங்கோ போய்விட்டது. யாரோ போலீஸில் புகார் கொடுத்தார்கள்.

நிலையத்தில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். மூன்று மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டார்கள். முழுதாக என்ன சொன்னேன் என்பதற்குச் சாட்சி உண்டா என்றார் அந்த அதிகாரி. கூட்டத்தில் இருந்த நம்மவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவருக்கு வேலை, ஒருவருக்குப் பயம், ஒருவருக்கு ஞாபகமே இல்லை.

இரண்டாம் மாடி ரோஹானாவை உங்களுக்குத் தெரியும், கிளினிக்கில் தாதியாக இருப்பவர். அந்தத் துண்டு பரவிய நாளிலிருந்து லிஃப்டில் பார்த்தாலும் முகம் திருப்பிக்கொண்டிருந்தார். நான்காம் நாள் அவரே வந்து கதவைத் தட்டினார். அன்று பின்வரிசையில் இருந்தேன், கடைசிவரை கேட்டேன் என்றார். மண்டபத்தைத் திறக்கச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை, அதில் நான் உங்கள் பக்கம் இல்லை, ஆனால் நீங்கள் சொல்லாததைச் சொன்னதாக விட்டுவிட்டு நான் எப்படி நோன்பு பிடிப்பேன் என்றார். மறுநாள் தானாகவே போய் வாக்குமூலம் கொடுத்தார். அவருடைய மைத்துனர் அதிலிருந்து அவர் வீட்டுக்கு வருவதில்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூட்டம். போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். போனேன். அன்று சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் முழுதாகச் சொன்னேன். அந்தத் துண்டைக் கேட்டு மனம் புண்பட்டவர்களுக்காக வருந்துகிறேன், ஆனால் நான் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றேன். பிறகு அதே இரண்டு நாளை மறுபடியும் கேட்டேன். உட்காரு என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். அவர் பேசி முடிக்கட்டும் என்று எழுந்து நின்றவர் ரோஹானா. நான் முடித்ததும் வாக்கெடுப்பு நடந்தது. அவர் எனக்கு எதிராகத்தான் கை தூக்கினார். நான் தோற்றுவிட்டேன். நோன்பு முடியும்வரை டியூஷன் நம் வீட்டு ஹாலில்தான் நடக்கும். சோபாவைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டேன், வந்து கோபப்படாதீர்கள்.

இப்போது கமலநாதன் கூட்டம் என்னைக் கோழை என்கிறது. வேறு சிலர் இன்னும் என்னை முறைக்கிறார்கள். பள்ளியில் தாராவிடம் ஒரு பிள்ளை ஏதோ கேட்டாளாம். எங்கம்மா பேசினதை முழுசா கேட்டுட்டு வா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இப்படி இருக்கும்போது நான் எப்படி மன்னிப்புக் கடிதம் எழுதுவேன்?

என்மேல் வழக்கு உண்டா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை. இருபத்தாறாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் போலீஸ் நிலையத்துக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு நாள் லீவு கேட்டுப் பாருங்கள். அங்கே வந்து நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

உங்கள்
லோகேஸ்வரி