இடது கால் சாக்ஸ்

ஜூன் 4

கணுக்கால் எலும்பு கூடிவிட்டது. நரம்புக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. இடது பாதத்தில் போர்வை நுனி பட்டாலே கொதிக்கும் எண்ணெய் தெறித்த மாதிரி எரிகிறது. மச்சினன் வந்திருந்தான். குனிந்து பார்த்துவிட்டு, "பாக்க நல்லாத்தானே இருக்கு மாமா? நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றான். யோசிப்பது அவன் பரம்பரையில் யாருக்கும் வராத நோய். மறக்க மாட்டேன்.

ஜூன் 9

கல்லூரியிலிருந்து பிப்பெட் பேசினான். என் துறையில் எனக்கு இளையவன். எதையும் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொள்வதால் நான் வைத்த பெயர். "நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க சார், லேபை நான் பாத்துக்கிறேன்." பார்த்துக்கொள்வானாம்! செய்முறைத் தேர்வுக்குள் நான் திரும்பாவிட்டால் வேதியியல் ஆய்வகப் பொறுப்பு அவனுக்குத்தான் என்று முதல்வர் சொல்லிவிட்டார். அமிலம் புழங்கும் இடம், மூடிய ஷூ இல்லாமல் யாரும் நுழையக் கூடாது. அந்த விதியை எழுதியவனே நான்தான். சாக்ஸே ஏறாத காலுக்கு ஷூ எங்கே?

ஏறும். ஏற வைக்கிறேன்.

ஜூன் 12

பிசியோ பெண் பாதத்தைப் பட்டுத்துணியால் தடவச் சொல்கிறாள். பழகியதும் பருத்தி, அப்புறம் முரட்டுத் துண்டு. "இதுல ஆபத்து இல்லைன்னு நரம்புக்குப் புரிய வைக்கணும் சார். ஆனா தாங்க முடியறப்பவே நிறுத்திடணும்."

தாங்க முடியும்போது எவனாவது நிறுத்துவானா?

ஜூன் 13

பட்டு. பல்லைக் கடித்துக்கொண்டு.

ஜூன் 30

துண்டு வரை வந்தாயிற்று. அடுப்படியிலிருந்து மனைவியின் குரல்: "அது துண்டுங்க, உங்க பிப்பெட் இல்ல. மெதுவாத் தேய்ங்க!"

ஜூலை 11

ஷூ ஏறிவிட்டது! வலி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. நேராகக் கல்லூரிக்குப் போனேன். பிப்பெட் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றான். அவன் முன்னால் உட்காருவேனா? வகுப்பு முழுக்க நின்றே நடத்தினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாகப் பார்க்கட்டும்.

ஜூலை 12

ஐயோ. மின்விசிறிக் காத்துகூட வேண்டாம் — நிறுத்து, நிறுத்துன்னு கத்திட்டேன். இவ என்ன பண்ணினா, பாவம்.

ஜூலை 14

"வலி இருக்கிற நாள்ல ஒழுங்கா இருக்கீங்க சார். நல்லா இருக்கிற நாள்லதான் கெடுத்துக்கிறீங்க" என்றாள் பிசியோ. கரைசல் நிறம் மாறப்போகிற நேரத்தில் துளித்துளியாக விடு, அவசரப்பட்டால் மொத்தமும் பாழ் என்று ஆண்டுதோறும் மாணவர்களிடம் தொண்டை வறளக் கத்துகிறவன் நான். என் காலில் மட்டும் மொத்தத்தையும் கவிழ்த்திருக்கிறேன்.

மறுபடி பட்டு. இந்த முறை சுகமாக இருக்கும்போதே நிறுத்தினேன். வலியைப் பொறுப்பதைவிட இதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6

செய்முறைத் தேர்வு. ஷூவோடு போனேன். பாதம் முணுமுணுக்கும் முன்பே ஸ்டூலில் உட்கார்ந்தேன். பிப்பெட்டின் கண்ணெதிரே. சிரிப்பான் என்று காத்திருந்தேன். சற்று நேரத்தில் அவனும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மெல்ல அமர்ந்தான்.

"எனக்கு முதுகு சார். ரொம்ப நாளா. சொன்னா யாரு நம்புறா?"

பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். உட்கார்ந்தபடியே இருவரும் தேர்வை முடித்தோம். ஆய்வகச் சாவி என்னிடம் வந்தது. மாற்றுச் சாவி அவனிடமே இருக்கட்டும் என்று விட்டேன்.

பெயரை மட்டும் மாற்றுவதாக இல்லை.

ஆகஸ்ட் 7

காலையில் இவள் போர்வையை உதறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க இது, சாக்ஸோடவா தூங்கினீங்க?"

கழற்ற மறந்திருக்கிறேன்.