வற்றவிட்ட மூன்று பற்றரிகள்

மாமா,

இன்று அலுமாரியின் கீழ்த்தட்டை ஒதுக்கும்போது பழைய துவாய்க்குள் அது கிடந்தது. கைத்தொலைபேசிக்குப் போடுகிற மூன்று பற்றரிகள், பச்சை ஒட்டு ரேப்பால் ஒன்றாகக் கட்டி, சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர்கள். நடுவில் உள்ளது பப்படம் மாதிரி ஊதியிருக்கிறது. நீங்கள் வைத்த ஈயப் பொட்டுகள் மட்டும் ஒன்றுகூடப் பிசகாமல், உருண்டை உருண்டையாய் அப்படியே இருக்கின்றன. அதைத் திரும்ப உள்ளே வைக்கவும் ஏலவில்லை, எறியவும் ஏலவில்லை. மிகவும் பிந்தித்தான் எழுதுகிறேன்.

சமாதான காலத்தில் கனடாவிலிருந்து வந்த உங்கள் இளைய மகன் றிமோட்டில் ஓடுகிற ஒரு விளையாட்டுப் போட் கொண்டுவந்தார். செம்மஞ்சள் நிறம், ஒரு முழ நீளம். முப்பது வருடம் கடலுக்குப் போய், பிறகு கரையில் இருந்து ஊரின் எஞ்சின்களையெல்லாம் திருத்திய மனிதர் நீங்கள். வாதம் வந்து இடது கை மந்தமான பிறகு, பின்னேரங்களில் வீட்டுக்குப் பின்னால் கடலின் முழங்கால் தண்ணீரில் அதை ஓட்டினீர்கள். சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டியதும், றிமோட்டுக்குப் போடுகிற விரல் அளவுப் பென்ரோச் பற்றரிகள் கடைகளில் இல்லாமற் போயின. நீங்கள் அசரவில்லை. சந்தியில் போன் திருத்துகிறவரிடம் மூன்று போன் பற்றரிகளை வாங்கி வந்தீர்கள்.

"ஒவ்வொண்டும் மூண்டு தசம் ஏழு வோல்ட், பிள்ளை. மூண்டையும் தொடுத்தால் பதினொண்டுக்கு மேல. எட்டுப் பென்ரோச்சின்ர வேலையை இந்த மூண்டு லித்தியமும் செய்யும்."

ஈயம் ஒட்ட மூன்று நாள் எடுத்தீர்கள். நான் வயரைப் பிடிக்க வந்தபோது, "விடும், எனக்கு ஏலும்" என்றீர்கள். றிமோட்டில் சிவப்பு வெளிச்சம் எரிந்ததும் மகளைத் தூக்கி வலது கையில் இருத்திக்கொண்டு கரைக்கு நடந்தீர்கள். அப்போது அவளுக்கு இரண்டு வயது. ஒவ்வொரு பற்றரியாகச் சார்ஜ் ஏற்றும்போது எனக்கும் சொல்லி வைத்தீர்கள்: "இதுகளை ஒரேயடியா வத்தவிடக் கூடாது. வத்தினா பிறகு எழும்பாது."

எனக்குப் பயம். என் கணவர், உங்கள் மூத்தவர், கொழும்பில் அகப்பட்டு நின்றார். வீட்டில் நானும் பிள்ளையும் நீங்களும். வாகனச் சத்தம் கேட்டால், ஆள் பிடிக்க வருகிறவர்களோ என்று, அது எங்கள் ஒழுங்கையைத் தாண்டும்வரை பிள்ளையை இறுக்கிப் பிடித்திருப்பேன். நீங்களோ றிமோட்டின் ஏரியலை நீட்டிப் பிடித்தபடி, படையினரின் காவலரணுக்கு நூறு யார் தூரம் தள்ளிக் கடலைப் பார்த்து நிற்பீர்கள். குண்டு வெடிக்கவைக்கிற றிமோட் என்று ஒருவன் நினைத்தால் போதும். மடத்துவெளியிலிருந்து வந்த என் அக்கா பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மனிசன்ர விளையாட்டால உன்ர பிள்ளை தாயில்லாமல் நிக்கப்போகுது."

அதை உங்களிடம் சொன்னேன்.

"நேற்றும் கை காட்டினவங்கள், பிள்ளை. போட் ஓட்டுற சாமான் எண்டு அவங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சா விட்டிடுவாங்களே மாமா?"

"ஒரு அரை மணித்தியாலம். அதையும் பறிக்காதேயும்."

அடுத்த கிழமை நீங்கள் கிளினிக்குக்காக யாழ்ப்பாணம் போய் இரண்டு நாள் தங்கினீர்கள். நான் றிமோட்டின் சுவிச்சைப் போட்டு, வெளிச்சம் எரிய எரிய உடுப்புகளுக்கு அடியில் வைத்தேன். கம்பசில் இரசாயனம் படித்தவள் நான். என்ன செய்கிறேன் என்று நன்றாகத் தெரிந்தே செய்தேன். இரண்டாம் நாள் பின்னேரம் வெளிச்சம் செத்துக் கிடந்தது. சுவிச்சை அணைத்து, நீங்கள் வைத்த இடத்தில், வைத்த பக்கத்தாலேயே வைத்தேன்.

நீங்கள் வந்து சார்ஜ் ஏற்றிப் பார்த்தீர்கள். மீற்றர் பிடித்துப் பார்த்தீர்கள். ஒரு முழு நாள். பிறகு, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்கு வந்தீர்கள்.

"நீர் படிச்ச பிள்ளை, சொல்லும். ஈயம் வைக்கேக்க சூடு உள்ளுக்குப் போயிருக்கும், என்ன? என்ர கை சுணங்கிப்போச்சு."

"ஓம் மாமா. சூடுதான்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த ஞாயிறு அக்காவும் இருக்கும்போது, "வேற மூண்டு பற்றரி பாக்கட்டே?" என்று கேட்டீர்கள்.

"உந்தக் கையாலயோ? வீட்டைக் கொளுத்திப்போட்டுத்தான் ஓய்வியள்," என்றேன்.

அக்கா சிரித்தாள். கொஞ்சம் பிந்தி நீங்களும் சிரித்தீர்கள்.

ஈயம் ஒட்டுகிற அயனைப் போன் திருத்துகிறவருக்கே கொடுத்துவிட்டீர்கள். பக்கத்து வீட்டுச் சம்மாட்டி தன் படகின் எஞ்சினைக் கொண்டுவந்தபோது, "வேற ஆளிட்டக் குடு தம்பி, என்ர கையை இனி நம்பேலாது" என்று அனுப்பினீர்கள். மகள் இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு வந்து நிற்பாள். "கை சரியில்லை, குஞ்சு. விழுத்திப்போடுவன்" என்று நகர்ந்துவிடுவீர்கள். உங்கள் வலது கையில் ஒரு பழுதும் இல்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு மாதம் கழித்து, கடைக்குப் போகும்போது காவலரணில் நின்ற ஒருவன் மறித்தான். அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன்.

"சீயா போட் இல்ல?" என்றான். தாத்தாவைத்தான் கேட்டான். "நாங்க ஒவ்வொரு நாளும் பாக்கிறது. ஏன் வாறது இல்ல?"

"பழுது."

"பாவம்," என்றான்.

வீட்டுக்கு வந்து உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் திரும்பத் தொடங்கிவிடுவீர்கள், இவன் நல்லவனாக இருந்தாலும் நாளைக்கு வருகிறவன் எப்படியோ என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் கதிரையை விட்டு எழும்பாத அந்த நாட்களில் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருடத்துக்குள் படுத்துவிட்டீர்கள். கடைசிக் கிழமை, பாதர் வந்து செபித்துவிட்டுப் போன பிறகு, பிள்ளையைக் கட்டிலுக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். நீங்கள் இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டீர்கள். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் தலையணையைச் சரிசெய்தேன்.

போன மாதம் உங்கள் ஆண்டு நினைவுக்குப் பூசை கொடுத்தோம். கோயில் வாசலில் உங்கள் தங்கச்சி மகளைக் கட்டியணைத்து, "அப்பப்பாவுக்கு நீயெண்டால் உயிர்" என்றார்.

"இல்லை. அவருக்கு என்னில விருப்பமில்லை. தூக்கச் சொன்னாலும் தூக்கமாட்டார்," என்றாள் இவள். சண்டை பிடிக்கிற குரலில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்கிற குரல்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உங்கள் மூத்தவரும்தான்.

"அப்பப்பாவுக்குக் கை ஏலாதம்மா. அதுதான் தூக்கேல்லை," என்றேன்.

நீங்கள் நம்பியது போலவே அவளும் நம்பிவிட்டாள்.