கன்னத்தில் மூன்று நிறம்

29 ஜூன் 2002, சனி

மழை. பல்கனியில் காயப்போட்டதெல்லாம் திரும்ப நனைந்துவிட்டது. நாளை உலகக் கிண்ண இறுதி ஆட்டம், ஜெர்மனி – பிரேசில். இவர் வுப்பர்டால் ஊரில் இருந்து சிவா அண்ணையையும் இன்னும் இரண்டு பேரையும் வரச்சொல்லியாயிற்று. எனக்குச் சொன்னது பிறகுதான்.

செய்யவேண்டியது:
– றோல்ஸுக்கு மரக்கறி அரிந்து வைக்க
– துருக்கிக் கடை பூட்ட முதல் ஆட்டிறைச்சி
– சோடா. ஆம்பிளைகளுக்கு பியர்
– அபியின் இருமல் மருந்து முடிகிறது
– மேல்மாடி ஜெர்மன்காரி ஃபிராவ் ஹார்ட்மனின் கேக் தட்டு திருப்பிக் கொடுக்க (வெறும் தட்டாகக் கொடுக்க ஏலாது)

ஃபிராவ் ஹா. தனியாள். முன்பு ட்ராம் ஓட்டியவர். பின்னேர டொச் மொழி வகுப்புக்கு நான் போகும் நாள்களில் அபியைப் பார்த்துக்கொள்வது அவர்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அபி ஜெர்மனிப் பக்கம். கிண்டர்கார்ட்டனில் எல்லாப் பிள்ளைகளும் ஜெர்மனி, இவளும் ஜெர்மனி. ஐந்து வயதுக்கு அது போதும். போன கிழமை ஜெர்மன் கொடி கீறி நிறம் தீட்டிய தாளோடு ஓடிவந்தவளைப் பார்த்து சிவா அண்ணை, "இஞ்ச, வெள்ளைக்காரி வந்திட்டா. குட்டன் டாக், மேடம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

30 ஜூன், ஞாயிறு

விட்டு விட்டு வெயில். எல்லாரும் படுத்துவிட்டார்கள். எழுதாமல் நித்திரை வராது.

காலையில் அபி மேலே போய்விட்டு வந்தாள். இரண்டு கன்னத்திலும் ஜெர்மன் கொடி, கறுப்பு, சிவப்பு, மஞ்சள். ஃபிராவ் ஹா. கோடு பிசகாமல் பூசிவிட்டிருந்தார்.

"அம்மா, வடிவா இருக்கோ?"

"ஓம், நல்ல வடிவு."

அப்படித்தான் சொன்னேன். உண்மையாகவும் வடிவுதான். பிறகு கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம், சிவா அண்ணையின் குரல். ஈரத்துணியை எடுத்தேன்.

"இண்டைக்கு நாங்கள் பிரேசில், செல்லம். மாமாக்கள் பகிடி பண்ணுவினம்."

அவள் அழவில்லை. மூக்குத் துடைக்கக் காட்டுவதுபோல முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். கறுப்பு லேசில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். கன்னம் சிவந்துபோனது. அவளுக்காகத்தான் என்று அப்போது நினைத்தேன். இல்லை. வெட்கம் எனக்குத்தான்.

ஒரு மணிக்கு ஆட்டம். சோபாவில் நாலு ஆம்பிளைகள், அதில் இரண்டு பேர் பிரேசிலின் மஞ்சள் சேட்டுப் போட்டுக்கொண்டு.

"பிரேசில்காரன் எங்கட நிறம், தங்கச்சி. பந்து அவன்ர காலில ஒட்டிக்கொண்டு நிக்கும்" என்றார் சிவா அண்ணை. "ஜெர்மன்காரரில விளையாடுறது ஒருத்தன்தான். அவனும் கோலுக்க நிக்கிறான்."

"வரி கட்டுறது இஞ்ச. கை தட்டுறது அங்கயோ, அண்ணை?" என்று இவர்.

"வரி சம்பளத்தில போகுது. கை என்ர கை."

இடைவேளைக்கு றோல்ஸ். நல்லாயிருக்கு என்றார்கள். (உப்புத்தான் கூடிவிட்டது.) பிற்பாதியில் அபி என் மடியில், பெருவிரலை வாயில் வைத்துக்கொண்டு. வேலை முடிந்துவிட்டது, எனக்கும் ஆட்டம் பிடித்துப்போனது. அந்தக் கோல்காப்பாளர் பந்தைப் பிடித்து, நழுவவிட்டு, பிரேசில்காரன் ஓடிவந்து தட்டினானே, அந்த நேரம் எழும்பிவிட்டேன். கத்தியும்விட்டேன். மடியில் பிள்ளை இருந்த நினைப்பே இல்லை.

"ஒருத்தன் இருந்தவன். அவனும் விட்டிட்டான்" என்று சிவா அண்ணை துள்ளினார். திரும்பவும் காட்டினார்கள். அதையும் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தேன். அபி இல்லை. மேசை விளிம்பில் ஒரு பொட்டு இரத்தம்.

மேலே ஓடினேன். ஃபிராவ் ஹா. வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் கேட்பது கேட்டது, காலையில் பூசியது எங்கே என்று. அபி டொச்சில் சொன்னாள்: நானே கழுவினேன், தோல் கடித்தது.

கையைக் கதவில் வைத்தபடி நின்றேன். உடனே உள்ளே போயிருக்கலாம். போகவில்லை.

உதட்டில் சின்ன வெட்டு. துணியில் ஐஸ் சுற்றிப் பிடித்திருந்தார். பல் ஆடவில்லை, பயப்படாதே என்று எனக்கு இருக்கக் கதிரை காட்டினார். மேசையில் கொறிக்கிற உப்புக் குச்சிகள், இரண்டு கிண்ணத்தில். ஒன்று சின்னது, கரடிப் படம் போட்டது. காலையிலேயே எடுத்து வைத்திருப்பார். அபி ஆட்டம் பார்க்க வருவாள் என்று இருந்திருக்கிறார். அபி அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு. என்னிடம் வரவில்லை.

இரண்டாவது கோல் அங்கேதான். மேலே படம் கொஞ்சம் பிந்தி வருகிறது. தொலைக்காட்சியில் பந்து இன்னும் ஓரத்தில் நிற்கும்போதே எங்கள் வீட்டுச் சத்தம் நிலத்தைத் துளைத்துக்கொண்டு வந்தது. இவரின் குரல், சிவா அண்ணையின் குரல், காலால் நிலத்தில் அடிப்பது. ஃபிராவ் ஹா. கையில் இருந்த குச்சியைத் திரும்பக் கிண்ணத்தில் வைத்தார்.

"சரி, விழப்போகிறது" என்றார்.

விழுந்தது.

முதல் கோலுக்கும் இப்படித்தான் கேட்டிருக்கும். அதில் என் குரலும் இருந்திருக்கும். என் குரல் அவருக்கு நல்லாகத் தெரியும்.

முடிந்ததும், திறமான பக்கம்தான் வென்றது, நீ கீழே போகவேண்டாமா, கொண்டாடுவார்களே என்றார். குத்திச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

இப்போது அபி: வீக்கம் கொஞ்சம். சத்தி எடுக்கவில்லை. காய்ச்சல் இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன், முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நித்திரையிலா, முழித்துக்கொண்டா, தெரியவில்லை.

1 ஜூலை, திங்கள்

குளிர். வீக்கம் வற்றிவிட்டது. மருந்து வாங்கியாயிற்று.

கிண்டர்கார்ட்டனில் கூட்டிவரப் போனபோது ரீச்சர் சொன்னார்: எல்லாப் பிள்ளைகளும் ஆட்டத்தைப் பற்றிக் கதைத்தார்களாம், சிலர் அழுதார்களாம். அபி மட்டும், ஆட்டம் நடக்கும்போது நான் நித்திரை என்றாளாம்.

நித்திரை இல்லை. என் மடியில் முழித்துக்கொண்டு இருந்தாள்.

வழியெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரவுக்குப் புட்டு, முட்டைப் பொரியல். அவளுக்குப் பிடித்தது என்று செய்தேன். பாதிதான் சாப்பிட்டாள்.

3 ஜூலை, புதன்

இவருக்குச் சொல்லிவிட்டேன், துணியால் துடைத்ததையும் பிள்ளை மேல்மாடியில் சொன்ன பொய்யையும்.

"இதென்ன பெரிய விசயம்? சின்னப்பிள்ளை. மறந்திடுவாள்."

"மறக்கிறாள் இல்லையப்பா. பழகுறாள்."

நான் போகத் திரும்பியபோது, "வேலையில என்னையும் கேட்டவங்கள், நீ எந்தப் பக்கம் எண்டு. ஜெர்மனி எண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

சிரிப்பு வந்தது. சிரித்து முடியத்தான் விளங்கியது. பிள்ளை ஆரைப் பார்த்துப் பழகுகிறாள் என்று வேறெங்கும் தேடத் தேவையில்லை.

6 ஜூலை, சனி

நல்ல வெயில். உடுப்பெல்லாம் ஒரே நாளில் காய்ந்தது.

கேக் தட்டில் றோல்ஸ் வைத்து மேலே கொண்டுபோனேன். படியில் வசனத்தை டொச்சில் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினேன். கதவு திறந்ததும் எல்லாம் மறந்துபோய், பூசியதைத் துடைத்தது நான்தான், அபி இல்லை என்று மட்டும் சொன்னேன்.

தெரியும் என்றார். அபிக்கு முகம் கழுவத் தான் படும் பாடு தனக்குத் தெரியாதா என்று கேட்டார். பிறகு றோல்ஸில் உறைப்பு எவ்வளவு என்று கேட்டார். திரும்பும்போது அந்த முகத்தில் நிறம் பூசும் குச்சிகளைக் கையில் தந்தார். மூன்று நிறமும்.

இவர் வேலையில். அபியைப் பக்கத்தில் இருத்திக் குச்சிகளைக் காட்டினேன். பூசுவமா என்று கேட்டேன். கண் விரிந்தது. எடுக்கக் கை நீட்டினாள், பிறகு கையை இழுத்துக்கொண்டு கதவைப் பார்த்தாள்.

"அம்மா, இண்டைக்கு ஆரும் வருகினமோ?"

"ஒருத்தரும் வரேல்ல."

"அப்ப சரி."

முதலில் அம்மாவுக்குத்தான் என்றாள். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கவனமாகப் பூசினாள், கறுப்பு, சிவப்பு, மஞ்சள். கோடு கோணல். இனி அவளுக்கு என்று குச்சியை நான் வாங்க, மணி அடித்தது. பொதி கொண்டுவந்த ஆள்தான், திறந்த பிறகு தெரிந்தது. அதற்கு முதலே என் கை கன்னத்துக்குப் போய்விட்டது.

அபி பார்த்துக்கொண்டு நின்றாள்.